எதெல்மிராவின் முப்பத்தெட்டுத் தாள்கள்

எங்கள் தக்ராமாயோ நகராட்சிக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. பதினெட்டு வருடமாக அந்த நகராட்சி செய்கிற குளறுபடிகளில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஒரு மனுவை அவர்கள் ஒழுங்காக ஒரே தடவையில் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தால் நான் கடையை மூடிவிட்டு உருளைக்கிழங்கு நடப் போகவேண்டியதுதான். ஆகவே அவர்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. இருந்தாலும் திட்டுவேன். எதெல்மிரா போமாவை அவர்கள் படுத்திய பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

எதெல்மிரா என் இரண்டாவது மகளுக்கு ஞானத்தாய். அந்த வகையில் அவர் எனக்குக் கொமாத்ரே, நான் அவருக்குக் கொம்பாத்ரே. எங்கள் மலைப்பக்கத்தில் இந்த உறவைக் கூடப்பிறந்த உறவுக்கு ஒரு படி மேலே வைப்போம். நாற்பத்தாறு வயது, குள்ளமான உருவம், இரட்டைச் சடை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். புருஷன் லாரி ஓட்டத் தலைநகர் லிமாவுக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இரண்டு பிள்ளைகளையும் இவர்தான் ஆளாக்கினார். மூத்தவன் வன்காயோவில் கல்லூரியில் படிக்கிறான்.

ஊருக்கு மேலே, முக்கால் மணி நேர ஏற்றத்தில், எங்கள் குடிதண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தினமும் விடிகாலையில் எதெல்மிரா அங்கே ஏறுவார். குளோரின் தூளைக் கரைத்து, அது தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழும்படி குழாயைத் திருகி வைப்பார். மத்தியானம் ஊரின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ஒரு சிட்டிகை மருந்து போடுவார். தண்ணீர் ரோஜா நிறமாகும். அந்த நிறம் அளவுக்கான நிற அட்டையில் உள்ள 'அரை' என்ற கட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். வெளுத்திருந்தால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. கூடுதலாகச் சிவந்திருந்தால், காப்பி நாறுகிறது என்று ஊரே அவர் வீட்டு வாசலில் சண்டைக்கு நிற்கும்.

இந்த வேலைக்கு அவர் வந்த விதத்தையும் சொல்லவேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். சுகாதார நிலையத்தில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். முதல் நாள் முப்பது பேர் போனோம், நான் உள்பட. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. சாப்பிட்டதும் இருபத்தொன்பது பேர் கிளம்பிவிட்டோம். மூன்றாம் நாள் மாலை வரை உட்கார்ந்திருந்தது எதெல்மிரா ஒருவர்தான். அன்றிலிருந்து மூன்று மாத ஒப்பந்தம், மூன்று மாத ஒப்பந்தமாக அந்த வேலையைச் செய்தார். நடுவில், நாற்பத்தோரு வயதில், வார இறுதி வகுப்புக்குப் போய்ப் பள்ளிப் படிப்பையும் முடித்தார்.

போன அக்டோபரில்தான் நகராட்சி அந்த வேலையை நிரந்தரப் பதவியாக அறிவித்தது. மாதச் சம்பளம், ஆஸ்பத்திரிக் காப்பீடு, வயதானபின் பென்ஷன், எல்லாம் உண்டு. ஆனால் போட்டி வைத்துத்தான் எடுப்பார்கள். ஜெயிக்கிறவருக்குத் தொட்டியின் சாவி. எதெல்மிரா தோற்றால் ஒன்பது வருட வேலை அன்றோடு முடிந்தது, சாவியை அவர் கையாலேயே கொடுத்துவிட்டு இறங்கவேண்டும்.

அறிவிப்பை நகராட்சிக் கதவில் பதினைந்து பக்கமாக ஒட்டினார்கள். பள்ளிப் படிப்பு, குளோரின் பயிற்சிச் சான்றிதழ், ஒரு வருட அனுபவம் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் கனரக வாகன லைசென்ஸ் என்று எழுதியிருந்தது. எதெல்மிரா மூன்று தடவை படித்தார். கழுதையே மூச்சு வாங்கி ஏறுகிற பாதைக்கு லாரி லைசென்ஸ் எதற்கு? எனக்கு விஷயம் உடனே புரிந்தது. போன வருடம் டிராக்டர் ஓட்டுநருக்குப் போட்ட அறிவிப்பையே எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த டிராக்டர் அறிவிப்பை அச்சடித்துக் கொடுத்ததே நான்தான்.

மனு வாங்கும் ஜன்னலில் போய்க் கேட்டார். அங்கிருந்த பெண், அறிவிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் அறிவிப்பு என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். நான் அன்றைக்கே சொன்னேன், இந்தப் பதவிக்கு ஏற்கெனவே யாரோ ஒருவருடைய பெயர் எழுதியாகிவிட்டது, லைசென்ஸ் வைத்திருக்கிற ஏதோ மச்சானுக்காகப் போட்டது, வீணாக அலையாதீர்கள் என்று. எங்கள் ஊரில் எந்த வேலை அறிவித்தாலும் இப்படித்தான் பேசிக்கொள்வோம். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

"பேர் எழுதியிருந்தா என் கண்ணு முன்னாடி எழுதட்டும் கொம்பாத்ரே. ஒளிஞ்சுக்கிட்டு எழுத நான் விடமாட்டேன்" என்றார் எதெல்மிரா.

லைசென்ஸ் தவறு என்று ஒரு மனு எழுதினார். இரண்டு பிரதி. ஒன்றை ஜன்னலில் கொடுத்து, மற்றதில் 'பெறப்பட்டது' முத்திரை, தேதி, மணி, தாள்களின் எண்ணிக்கை எல்லாம் வாங்கிக்கொண்டார். எங்கள் அலுவலகங்களில் அந்த முத்திரைப் பிரதி கையில் இல்லாவிட்டால் நீங்கள் எதையுமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் அதை வாங்குவோம், வாங்கித் தொலைப்போம். அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி வாரியாக அடுக்கி, மாவு டின்னில் வைத்திருப்பார்.

திருத்தம் வந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, மாலை மூன்றரைக்கு. ஜன்னல் நாலே முக்காலுக்கு மூடும். பயந்து ஒதுங்கியவர்கள் திருத்தத்தைப் பார்க்கவே இல்லை. எதெல்மிரா என்றைக்கானாலும் திருத்தத்தானே வேண்டும் என்று விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருந்தார். என் கவுண்டரில் நின்று தாள்களுக்கு எண் போட்டார்.

இந்த எண் போடுகிற விஷயத்தை எங்கள் ஊரில் பச்சைக்குழந்தை கூட அறியும். ஃபைலில் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் பேனாவால் எண் எழுதவேண்டும், கடைசித் தாளிலிருந்து மேல் நோக்கி. அடியில் கிடக்கிற தாளுக்கு எண் ஒன்று. புதிதாக எது வந்தாலும் மேலே சேரும், அடுத்த எண் வாங்கும். இதில் ஒரு எண் பிசகினாலும் நீங்கள் டாக்டர் பட்டம் வாங்கியவராக இருந்தாலும் ஆட்டத்தில் இல்லை. எதெல்மிராவுக்கு முப்பத்தெட்டுத் தாள். நான் எண்ணினேன், அவர் எண்ணினார், மறுபடி நான் எண்ணினேன். நாலு நாற்பதுக்கு முத்திரை விழுந்தது.

மொத்தம் மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள். எதெல்மிராவைத் தவிர, ரோஸ்பர் யாவ்ரி என்கிற குழாய்வேலைக்காரன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி, நல்ல கைவேலைக்காரன். இன்னொருத்தி லுஸ்மிலா, சுரங்க முகாமின் பரிசோதனைக்கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வருவாள்.

மறுநாள் மூவருக்கும் போன் வந்தது. நகராட்சியில் உறவினர் யாரும் இல்லை என்ற உறுதிமொழித் தாளைக் கேட்க மறந்துவிட்டார்களாம், உடனே கொண்டுவரவேண்டும். மூவரும் கொண்டுவந்தார்கள். எதெல்மிரா அந்தத் தாளில் முப்பத்தொன்பது என்று எண் எழுதி, அதற்கும் தனியாக ஒரு முத்திரைப் பிரதி வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து முடிவு ஒட்டினார்கள். மூன்று பேரும் தகுதியற்றவர்கள், காரணம் தாள் எண் வரிசை தவறு. ஆகவே போட்டி ரத்து.

அன்று மூவரும் என் கடையில்தான் நின்றார்கள். லுஸ்மிலா அழுதாள். ரோஸ்பர் சுவரை உதைத்தான், என் சுவரை. எதெல்மிரா மட்டும் எதிரே போய், ஃபைலைப் பார்க்கத் தனக்கு உரிமை உண்டு என்று சொல்லி, வாங்கிப் பார்த்துவிட்டு வந்தார். ஜன்னல் பெண் அந்தப் புதுத் தாளை மேலே வைக்காமல் ஃபைலின் அடியில் செருகியிருக்கிறாள். மூன்று ஃபைலிலும் அப்படியே. இவருடையதில் ஒன்றுக்குக் கீழே முப்பத்தொன்பது கிடக்கிறது.

நான் அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. முத்திரைப் பிரதியைக் காட்டி அவருக்காக மட்டும் முறையீடு எழுதச் சொன்னேன். மற்ற இரண்டு பேர் வெளியே போனது போனதாகவே இருக்கும், போட்டியில் அவர் ஒருவரே மிஞ்சுவார், வேலை நிச்சயம்.

"தப்பு மூணு ஃபைல்லயும் நடந்திருக்கு. ஒண்ண மட்டும் எழுதினா அது பொய்தானே" என்றார்.

"யாரும் கேக்கப்போறதில்ல கொமாத்ரே."

"நான் கேப்பேன்ல."

அப்புறம் மூன்று பேருக்காகவும் ஒரே முறையீடு எழுதினார். ரோஸ்பரிடம் முத்திரைப் பிரதியைக் கேட்டபோது, அது பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்து துணியோடு துவைபட்டுப் போய்விட்டது என்றான். எதெல்மிரா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னலின் பதிவேட்டிலேயே அவன் கொடுத்த தாள்களின் எண்ணிக்கை இருக்கும், அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று இன்னொரு மனு. இப்படியே நவம்பர் முழுக்கப் போனது. ஒவ்வொரு பதிலுக்கும் ஏழு நாள். ஒரு பதிலில் அவர் பெயருக்குப் பதில் இறந்துபோன ஒரு முதியவரின் பெயர் இருந்தது. காலையில் மலை ஏறி இறங்கி, பூட்ஸில் சேறு காயுமுன் வந்து என் கவுண்டரில் எழுதுவார். ஒரு தடவை கூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்கவில்லை. எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. ஒரு திருடன் இந்த நகராட்சியை நடத்தினால் தேவலை என்று கூட நினைத்தேன், திருடனுக்காவது எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

டிசம்பர் பத்தாம் தேதி போட்டி செல்லும் என்று அறிவித்தார்கள். பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை, திருமணப் பதிவு நடக்கிற ஹாலில். பரீட்சைக்கு ஊர்ப் பார்வையாளர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. பார்வையாளரை ஏற்பாடு செய்ய மறந்துவிட்டதால், எட்டே முக்காலுக்கு என்னைக் கடையிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. கீழ்த்தளத்தில் ஊர் ஆண்டுவிழாவுக்கு பேண்டு வாத்தியம் ஒத்திகை. லுஸ்மிலாவின் குழந்தை இரண்டு தடவை தூங்கி எழுந்தது. பத்தரைக்கு பெர்சி ஓரே என்பவர் ஓடி வந்தார். பணியாளர் பிரிவின் தலைவர், படித்த பட்டதாரி என்பதால் எல்லோரும் லிசென்சியாதோ என்று கூப்பிடுவோம். பிறப்பு இறப்புப் பதிவும் அவர்தான், ஆண்டுவிழாக் குழுவின் செயலாளரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. நாலு நாற்காலியில் ஒரே ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் அவருக்கு ஆகியிருந்தது. கேள்வித்தாள் கொண்டுவர வேண்டிய இன்ஜினியர் வன்காயோ சாலையில் மாட்டிக்கொண்டார், விவசாயிகள் மறியல். அது காலை ஆறு மணிக்கே ரேடியோவில் சொன்ன செய்தி.

பெர்சி எதெல்மிராவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். பார்வையாளன் என்ற முறையில் நானும் போனேன்.

"சிஞோரா, தண்ணி விஷயம் இந்த ஊர்ல உங்களுக்குத்தான் தெரியும். ஒரு பத்துக் கேள்வி எழுதிக் குடுத்துடுங்க. அரை மணி நேரம் எடுத்துக்கோங்க."

"லிசென்சியாதோ, நான் பரீட்சை எழுத வந்தவ."

பெர்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதனாலென்ன, நல்லாவே எழுதுவீங்க. பாருங்க, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒப்பந்தம் கையெழுத்தாகி மேலிடத்துக்குப் போகலேன்னா இந்தப் பதவியே காலாவதி. அடுத்த வருஷம் இது கிடையாது."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எதெல்மிராவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். ஒத்துக்கொள்ளுங்கள் என்றுதான் ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஞானத்தாயாக இல்லாவிட்டால் இந்த ஆளோடு பேச்சையே விட்டிருப்பேன் என்பது தெரிந்தது. நேரே ஹால் கதவைத் திறந்தார். லிசென்சியாதோ தன்னைக் கேள்வி எழுதச் சொல்கிறார் என்பதை மற்ற இரண்டு பேரிடமும் அவர் எதிரிலேயே சொன்னார். பெர்சியின் காது சிவந்தது.

"கேள்வியே வேண்டாம். தொட்டிக்குப் போவோம். மூணு பேருக்கும் ஆளுக்கொரு வாளி ஊத்துத்தண்ணி. குளோரின் போட்டுக் காமிக்கிறோம். நிறம் சரியா வந்தா பாஸ். அதுக்கு இன்ஜினியர் எதுக்கு, கண்ணு இருந்தா போதும்" என்றார் எதெல்மிரா.

லுஸ்மிலா உடனே குழந்தையை முதுகில் கட்ட ஆரம்பித்தாள். ரோஸ்பர் பெர்சியின் பளபளப்பான கறுப்பு ஷூவைப் பார்த்தான். "அத்தே, லிசென்சியாதோவோட ஷூகிட்ட யாராவது சம்மதம் கேட்டீங்களா?"

மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதை முழுக்கச் சேறு. ஆறு வருடமாக இந்த ஊரில் வேலை பார்க்கிற பெர்சி தொட்டிக்குப் போனதே இல்லை. நானும் பதினைந்து வருடமாகப் போனதில்லை. யூகலிப்டஸ் தோப்பைத் தாண்டியதும் எனக்கு நெஞ்சு அடைத்தது, முக்கால் மணி ஏற்றம் எனக்கும் பெர்சிக்கும் இரண்டு மணி நேரம் ஆனது. ரோஸ்பர் என் பையை வாங்கிக்கொண்டான், பதிலுக்கு வழி நெடுக என் தொப்பையைப் பற்றிப் பேசினான். எதெல்மிரா முன்னால் போய்க்கொண்டிருந்தார், எந்தக் கல் வழுக்கும் என்று மட்டும் திரும்பித் திரும்பிச் சொன்னார்.

மேலே மூன்று வாளிகளிலும் ஊற்றுத்தண்ணீரை நிரப்பினார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே தூளை அளந்து கரைத்து ஊற்றினார்கள். குளோரின் வேலை செய்ய அரை மணி நேரம் வேண்டும். எந்த வாளி யாருடையது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, என்னையும் பெர்சியையும் எதெல்மிரா வால்வு அறைக்குள் போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

உள்ளே போன் சிக்னல் இல்லை. பெர்சிக்குக் கை பரபரத்தது. ஆணியில் கயிறு கட்டித் தொங்கிய நோட்டுப்புத்தகங்களில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். தினசரி அளவு எழுதியிருந்தது, நாளுக்கு ஒரு வரி, தேதி, மணி, நிறம். பிறகு அடுத்த நோட்டை எடுத்தார். அவரிடம் எதெல்மிராவின் ஃபைலும் இருந்தது. ஃபைலையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலுக்கு வந்து எதெல்மிராவைக் கூப்பிட்டார்.

"சிஞோரா, போன வருஷம் ஜனவரி முழுக்க உங்களுக்கு ஒப்பந்தமே இல்லையே."

"இல்ல."

"அதுக்கு முந்தின ஏப்ரல்லயும் இல்ல. ஒரு ஒப்பந்தம் முடிஞ்சு அடுத்தது போட மூணு வாரம், ஒரு மாசம்னு நாங்க இழுத்திருக்கோம். ஆனா நோட்டுல ஒரு நாள் கூட விடாம எழுதியிருக்கு."

"தண்ணி வந்துச்சு லிசென்சியாதோ. நீங்க ஒப்பந்தம் போடலேன்னு அது நிக்கல."

தினம் என் கடை வாசலில் கடந்துபோகிறவர், எந்த மாதம் சம்பளம் இருந்தது, எந்த மாதம் இல்லை என்று நான் கேட்டதே இல்லை. இரண்டு மகள்களை அந்தத் தண்ணீரில் வளர்த்திருக்கிறேன்.

ஒப்பந்தம் இல்லாமல் நகராட்சிச் சொத்துக்குள் நுழைவது விதிப்படி குற்றம் என்று பெர்சி ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் அவருக்கே வெட்கம் வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, அந்த நாட்களையும் அனுபவத்தில் சேர்த்து ஒன்பது வருடம் என்று எழுதப்போவதாகச் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

"எழுதாதீங்க" என்றார் எதெல்மிரா. "அத எழுதினா அடுத்து வர்றவங்ககிட்டயும் சொல்வீங்க, இப்ப சும்மா ஏறு, அப்புறம் சேத்துக்கறோம்னு. ஒப்பந்தம் இருந்த நாள மட்டும் எழுதுங்க."

அரை மணி ஆனதும் மூன்று குப்பிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். மருந்து போட்டோம். ஒன்று வெளுத்த ரோஜா. மற்ற இரண்டும் அட்டையின் அரைக் கட்டத்தோடு அச்சாகப் பொருந்தின. நானும் பெர்சியும் வெயிலில் தூக்கிப் பிடித்து, இடம் மாற்றி, மறுபடி பார்த்தோம். வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வெளுத்தது ரோஸ்பருடையது. அவன் தொப்பியைக் கழற்றித் தன் வாளிக்கு அஞ்சலி செலுத்தினான். மற்ற இரண்டும் சமம். சமமானால் அனுபவம் பார்க்கவேண்டும் என்பது விதி. லுஸ்மிலாவுக்கு இரண்டு வருடம். எதெல்மிராவுக்கு, ஒப்பந்தத் தாள்களை மட்டும் கூட்டினாலே, ஏழு வருடம் இரண்டு மாதம்.

எதெல்மிராதான் ஜெயித்தார் என்று பெர்சி சொன்னபோது லுஸ்மிலா குழந்தையின் சால்வையைச் சரிசெய்கிற மாதிரி அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. எதெல்மிரா அதைப் பார்த்தார். மூன்று வாளிகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

இறங்கும்போது மூன்றே முக்கால். நகராட்சிப் பிரிண்டரில் மை இல்லை. ஆகவே ஒப்பந்தம் என் கடையில்தான் தயாரானது. பெர்சி பழைய ஒப்பந்தம் ஒன்றைத் திறந்து இரண்டு விரலால் திருத்தினார். இரண்டு இடத்தில் மிச்சமிருந்த டிராக்டரை நான் அழித்தேன். ஆறு பக்கம். நாலு இருபத்தைந்துக்கு எதெல்மிரா முன்னால் வைத்தோம். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். பெர்சி வாசலுக்கும் கவுண்டருக்கும் நடந்தார்.

நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

"முப்பது நாள் லீவு எனக்கா?"

"வருஷத்துக்கு முப்பது நாள், சம்பளத்தோட. உங்க உரிமை சிஞோரா" என்றார் பெர்சி, பெருமையாக.

"அந்த முப்பது நாளும் மேல யாரு ஏறுவா?"

அந்த நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் பெர்சி.

எதெல்மிரா பேனாவைக் கவுண்டரின் மேல் வைத்துவிட்டார். "பாத்துக்கலாம்னா என்ன ஆகும்னு இன்னைக்கு நோட்டுல பாத்தீங்களே. அந்த நாளுக்கு ஏறறவங்க பேரையும் இதுலயே எழுதுங்க."

நாலு முப்பத்தெட்டு. கொமாத்ரே, முதலில் கையெழுத்தைப் போடுங்கள், சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். ஒன்பது வருடம் காத்திருந்த வேலை, இரண்டு மாதம் ஜன்னல் ஜன்னலாக அலைந்த வேலை, இருபத்திரண்டு நிமிடத்தில் காலாவதி. அவர் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு பிடிவாதத்தை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை. எனக்குக் கோபமாக வந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது.

"புதுசா ஒரு பேர எழுதணும்னா அதுக்கும் போட்டி வைக்கணும் சிஞோரா" என்றார் பெர்சி.

"வைக்க வேண்டாம். உங்க அறிவிப்புல பதினாலாம் பக்கம். ரெண்டாவதா வந்தவங்கள அதே முடிவ வச்சுக் கூப்பிடலாம்னு போட்டிருக்கு. நீங்கதான் போட்டீங்க."

பெர்சி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். தான் எழுதியதை முதல் தடவையாகப் படித்தார். பிறகு உட்கார்ந்து, லீவு நாட்களில் லுஸ்மிலாவுக்கு ஒப்பந்தமும் முழுச் சம்பளமும் என்று ஒரு பிரிவு சேர்த்தார். எதெல்மிரா அதையும் விரல் வைத்துப் படித்தார். நாலு ஐம்பத்தொன்றுக்கு எல்லாப் பிரதியிலும் கையெழுத்துப் போட்டார், சேறு காய்ந்த விரலால் ரேகையும் வைத்தார். பெர்சி தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு சதுக்கத்தைக் குறுக்கே ஓடினார். பேண்டுக்காரர்கள் வழிவிட்டார்கள்.

எதெல்மிரா தன் பிரதியை உறையில் போட்டுவிட்டுத்தான் அழுதார். கொஞ்ச நேரம்தான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கடைப் போனை எடுத்து லுஸ்மிலாவைக் கூப்பிட்டார்.

"லுஸ்மிலா, கேட்டுக்கோம்மா. ஜூலையில எனக்கு முப்பது நாள் லீவு, அந்த மாசம் தொட்டி உன் பேர்ல. ஆமா, எழுத்துல. சம்பளத்தோட." மறுபக்கம் அவள் ஏதோ சொன்னாள், நன்றியாக, அதற்கு முன்னாடியே வந்து உதவுகிறேன் என்றிருப்பாள் போல. எதெல்மிராவின் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

"வேண்டாம். ஒரு நாள் கூடச் சும்மா ஏறாதே."